ஆண்கள் திரும்பி வரும் வரைக்கும்

பொறியியல் படித்துவிட்டுப் புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, உங்களில் யாருக்காவது வேலைத்தலத்தில் மானம் போயிருந்தால் கவலைப்பட வேண்டாம். நான் ஒருமுறை ஒரு பஸ்ஸோடு சேர்த்து ஆணி அடிக்கப்பட்டவள். அதுவும் அந்த பஸ்ஸை வாங்க வந்தவர்களின் கண்ணுக்கு முன்னால். அதற்குப் பிறகும் அதே தொழிலில் கிடந்து, தரப் பரிசோதனைப் பகுதிக்குத் தலைவியாகி, ஓய்வும் பெற்று, இன்றைக்கு உங்களைக் கூப்பிட்டு வைத்துக் கதை சொல்கிற அளவுக்கு எனக்கு வாய் நீண்டிருக்கிறது.

நீங்கள் மல்கிரேவில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் இருந்துகொண்டு, திரையில் பஸ்ஸைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கிறீர்கள். சந்தோசம். எழுபதுகளில் நாங்கள் சிட்னியில், செவன் ஹில்ஸில், தகரக் கூரை போட்ட ஒரு தொழிற்சாலையில் பஸ்ஸுக்கு உடம்பு கட்டினோம். எஞ்சினும் சில்லும் வேறு எங்கிருந்தோ வரும். அதன் மேல் இரும்பு விலா எலும்புகளை நிறுத்தி, தகடு போர்த்தி, கதிரை பூட்டி அனுப்புவது எங்கள் வேலை.

எங்கள் வேலை என்று வாய் நிறையச் சொல்கிறேனே தவிர, அந்தத் தொழிற்சாலை அப்போது இரண்டு நாடுகளாகத்தான் இருந்தது. இரும்புப் பகுதி ஆண்களுக்கு. கதிரை உறை தைக்கிற பகுதி பெண்களுக்கு. நடுவில் தரையில் ஒரு மஞ்சள் கோடு. தையல்காரி ஒருத்தி அந்தக் கோட்டைத் தாண்டினால் அந்தப் பக்கத்திலிருந்து விசில் கிளம்பும். இரும்புப் பகுதிச் சம்பளம் ஒன்று, தையல் பகுதிச் சம்பளம் வேறொன்று. எது கூட என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் கணக்கு ரீச்சர். இங்கே வந்து என் சான்றிதழ்களைக் கொண்டுபோய் நீட்டினேன். மிகவும் மரியாதையாகப் பார்த்து, மிகவும் மரியாதையாகத் திருப்பித் தந்தார்கள். இந்த நாட்டில் கூட்டினால் வேறு விடை வருமோ என்னவோ. ஆகவே கதிரை உறை தைத்தேன். ஒரே நீல நிறம், ஒரே அளவு, காலை தொடங்கி மாலை வரை. ஒளிக்காமல் சொல்கிறேன்: அந்த வேலையை நான் வெறுத்தேன். வீட்டுக்கு வந்தால் என் கண்ணுக்கு எல்லாமே நீலமாகத் தெரியும்.

கதையைத் தொடங்குவதற்கு முன் ஒரு விஷயம். அங்கே எல்லோரும் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் என் நினைவில் அவர்கள் எல்லோரும் எங்கள் ஊர்த் தமிழில்தான் கதைக்கிறார்கள், எங்களை மேய்த்த போர்மன் கெவின் உட்பட. அப்படியே சொல்கிறேன். கெவின் கோபிக்க மாட்டார்.

என் பக்கத்து மெஷினில் இருந்தவள் ஓர் அமெரிக்கக்காரி. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. ஐம்பது வயது தாண்டியவள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல், எந்நேரமும் சிவப்பு உதட்டுச்சாயம், தலையில் புள்ளி போட்ட துணிக்கட்டு. பயிற்சிக்காக அமெரிக்காவுக்குப் போன அவுஸ்திரேலிய விமானப்படைக்காரன் ஒருவனை அங்கேயே பிடித்துக் கல்யாணம் செய்து, அவனோடு கப்பலேறி வந்தவள். எதற்கெடுத்தாலும் "போர்க் காலத்தில நான்" என்றுதான் வாய் திறப்பாள். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது அவள் கலிபோர்னியாவில் குண்டு போடுகிற விமானங்களுக்கு இறக்கை பூட்டினாளாம். பெண்கள் கிரேன் ஓட்டினார்களாம், கப்பலுக்கு வெல்டிங் செய்தார்களாம். அவள் முதன்முதலாகக் காற்சட்டை போட்டுக்கொண்டு வெளிக்கிட்ட அன்று அவளுடைய தாய் கதவைப் பூட்டிவிட்டுத் தேவாலயத்துக்குப் போய் அழுதாளாம்.

நாங்கள் ஒருத்தரும் நம்பவில்லை. "இண்டைக்கு என்ன, சந்திரனுக்குப் போன ரொக்கெற்றும் நீங்கள் பூட்டினதோ?" என்று எங்களோடு தைத்த இத்தாலிக்காரி கன்ரீனில் கேட்பாள். "அதுக்கு என்னைக் கூப்பிடேல்லை, குஞ்சு. அதுதான் அவ்வளவு காலம் பிந்தினது" என்பாள் அமெரிக்கக்காரி. அவளுக்கு எல்லோரும் குஞ்சுதான். கெவினையும் குஞ்சு என்றுதான் கூப்பிடுவாள். கெவினுக்குக் காது சிவக்கும். எனக்கு மட்டும், என் பழைய உத்தியோகத்துக்கு மரியாதை வைத்து, ரீச்சர் என்ற பட்டம் தந்திருந்தாள்.

ஒரு கோடை காலத்தில் பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு தொழிற்சாலை திறந்தார்கள். கூடுதல் சம்பளம் என்று சொல்லி எங்கள் இரும்புப் பகுதியில் ரிவெட் அடிக்கிற ஆண்களை அப்படியே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ரிவெட் என்பது இரண்டு தகடுகளைக் கோர்த்துப் பிடிக்கிற ஆணி. அது இல்லாவிட்டால் பஸ் வெறும் எலும்புக்கூடு. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கொடுக்க வேண்டிய பள்ளிப் பிள்ளைகளின் பஸ்கள் வரிசையாகத் தோலில்லாத எலும்பாக நின்றன.

மனேஜர் தன் வாழ்நாளில் முதன்முறையாக மஞ்சள் கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தார். யாரும் விசில் அடிக்கவில்லை.

"பெட்டையள்," என்றார். எங்களில் பேரப்பிள்ளை கண்டவர்களும் இருந்தார்கள். "ஒரு சின்ன உதவி. கொஞ்ச நாளைக்கு இரும்புப் பகுதியில நிண்டு தருவீங்களோ? தற்காலிகமாத்தான். ஆம்பிளையள் திரும்பி வரும் வரைக்கும்."

சம வேலைக்குச் சம சம்பளம் என்று நாட்டில் சட்டம் வந்திருந்த காலம் அது. தற்காலிகம் என்றால் தையல் சம்பளத்தையே கொடுத்துக்கொண்டிருக்கலாம், அந்தச் சொல் மனேஜருக்கு எவ்வளவு வசதியானது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

"பெட்டையளின்ர கைக்கு அந்தத் துப்பாக்கி சரிவராது. நடுங்கும்," என்றார் கெவின். ரிவெட் அடிக்கிற கருவியைத் துப்பாக்கி என்போம். காற்று அழுத்தத்தில் படபடவென்று அதிரும்.

அமெரிக்கக்காரி எழும்பினாள். "நான் விமானத்துக்கே அடிச்சனான். பஸ் என்ன, பறக்கவோ போகுது?" என்று சொல்லிக்கொண்டு நேரே போய்த் துப்பாக்கியைத் தூக்கினாள். தொழிற்சாலையே கூடி நின்றது. வைத்தாள், அழுத்தினாள். முதல் அடியிலேயே துப்பாக்கி சறுக்கி, புதுத் தகட்டில் பிறை வடிவத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. இத்தாலிக்காரி சிரித்த சிரிப்பில் அவளுடைய பல்செட்டே கழன்று கையில் வந்தது.

"அது வணக்கம் சொன்னது. இனித்தான் வேலை," என்றாள் அமெரிக்கக்காரி. அடுத்த வரிசையை அடித்தாள். நூல் பிடித்ததுபோல நேராக வந்தது. கெவின் கிட்டப் போய்ப் பார்த்தார், விரலால் தடவினார், தேத்தண்ணி குடிக்கப் போனார். அவர் பாராட்டுவது அப்படித்தான்.

அன்றிலிருந்து அவளுக்கு நான் சோடி. இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருத்தி துப்பாக்கியால் அடிப்பாள். பஸ்ஸுக்கு உள்ளே இன்னொருத்தி, ஆணியின் மற்ற முனையில் கனமான இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அடிக்கிற அடியில் ஆணி அந்தக் கட்டையில் மோதி நசுங்கித் தலை கட்டும். நடுவில் தகடு இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. துப்பாக்கிச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. ஆகவே உள்ளே நிற்பவள் கட்டையால் தகட்டில் தட்டிச் சொல்ல வேண்டும். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு தட்டு என்றால் சரி. மூன்று தட்டு என்றால் ஆணி பிழைத்துவிட்டது, சரியாக இறங்கவில்லை, துளைத்துக் கழற்று. அமெரிக்கக்காரி இதைப் போர்க் காலத்தில் படித்தாளாம். இத்தாலி, கிரேக்கம், தமிழ் என்று ஆளுக்கொரு பாஷை பேசுகிற எங்களுக்கு அது அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. இரண்டே நாளில் கன்ரீன் சாப்பாட்டுக்கும் மேசையில் மூன்று தட்டுத் தட்டப் பழகிவிட்டோம்.

பிள்ளைகளே, எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பயங்கரமாகப் பிடித்திருந்தது. கை வலித்தது, காது அடைத்தது, தலைமயிரெல்லாம் அலுமினியத் தூள். ஆனால் எந்த ஆணிக்குப் பிறகு எந்த ஆணி அடித்தால் தகடு இழுபடாது என்று யோசிக்க வேண்டும். கன காலத்துக்குப் பிறகு என் மூளைக்கு வேலை வந்தது. பின்னேரம் ஒரு பஸ் கதவும் ஜன்னலுமாக முழுசாக நிற்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும். இனி அந்த நீலத் துணிக்குத் திரும்பிப் போவதில்லை என்று மனதுக்குள் அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நார்த்மீட்டில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் என் மனிசனுக்கு, அதாவது கணவருக்கு, விஷயம் பிடிபடவில்லை. அவர் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் கிளாக்.

"பஸ்ஸுக்கு ஆணி அடிக்கவோ உம்மைக் கொப்பர் படிப்பிச்சவர்?" என்றார்.

"இஞ்சாருங்கோ, நான் ஆணி அடிக்கிறேல்லை. கட்டை பிடிக்கிறன்."

"அப்ப சரி," என்றார், மிகவும் ஆறுதலாக. அடுத்த கிழமையே நண்பர்கள் வீட்டில், "என்ர மனிசி இப்ப பஸ் கட்டுறா" என்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பிந்தி வருகிற நாளில் குசினியில் அவர்தான் சோறு வைப்பார். அந்தச் சோற்றைப் பற்றி அவர் இருக்கும்போதும் நான் ஒன்றும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை.

இனி என் மானம் போன கதை.

இரும்புப் பகுதியில் ஓவரோல், அதாவது சட்டையும் காற்சட்டையும் ஒன்றாகத் தைத்த உடுப்பு, போட வேண்டும் என்பது சட்டம். ஆனால் அங்கிருந்த ஓவரோல் எல்லாம் ஆண்களுக்குத் தைத்தவை. என்னைப்போல இரண்டு பேர் ஒன்றுக்குள் நுழையலாம். அதோடு, காற்சட்டை போட எனக்கு வெட்கம். ஆகவே சேலையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டி, தலைப்பை இடுப்பில் செருகி, அதன் மேல் ஆண்களின் நீண்ட கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றேன். பாதுகாப்புக்குப் பாதுகாப்பு, மரியாதைக்கு மரியாதை என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. ஓர் அறை நிறையத் தையல்காரிகள் இருந்தும், ஓவரோலை வெட்டிச் சின்னதாக்கலாம் என்ற யோசனை எங்கள் ஒருத்திக்காவது வந்ததா என்று கேட்காதீர்கள்.

பள்ளிக்கூட பஸ்களுக்கு ஓடர் கொடுத்தவர்கள் ஒருநாள் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. பெண்கள் அடிக்கிறார்கள் என்று யாரோ அவர்கள் காதில் போட்டிருக்கிறார்கள். பிடிக்காவிட்டால் ஓடரை வேறு இடத்துக்குக் கொடுப்பார்களாம். அப்படிக் கொடுத்தால் பழி எங்கள் தலையில்தான் விழும். அன்றைக்கே எல்லோரும் மஞ்சள் கோட்டுக்கு அங்கால், பழையபடி தையலுக்குத்தான். கெவின் எங்களை வரிசையாக நிறுத்தி வைத்து உத்தரவு போட்டார்.

"இண்டைக்கு ஒரு ஆணியும் பிழைக்கக் கூடாது. பிழைச்சாலும் பிழைக்கேல்லை. விளங்கிச்சோ?"

விளங்கியது. நான் உள்ளே ஏறி, ஜன்னலுக்கு மேலே இரண்டு கையையும் உயர்த்திக் கட்டையைப் பிடித்தேன். வெளியே கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம், சப்பாத்துச் சத்தம், கெவினின் அசட்டுச் சிரிப்பு. துப்பாக்கி அதிர்ந்தது. ஆணி நன்றாக நசுங்கித் தலை கட்டியது. இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அடுத்ததற்கு நகரப் பார்த்தேன். நகர முடியவில்லை.

கையை உயர்த்தியதில் சேலைத் தலைப்பு இடுப்பிலிருந்து கழன்று, தகட்டுக்கும் விலா எலும்புக்கும் நடுவில் போயிருக்கிறது. ஆணி அதையும் சேர்த்துக் கோர்த்துவிட்டது. இழுத்துப் பார்த்தேன். நைலோன் சேலை. பஸ் கிழிந்தாலும் அது கிழியாது.

அட கடவுளே என்று நின்றேன். வெளியே கெவின், "எங்கட பெட்டையள் இதுவரைக்கும் ஒரு ஆணிகூடப் பிழைக்க விட்டதில்லை" என்று அளந்துகொண்டிருந்தார்.

பாருங்கள், என் முன்னால் இரண்டு வழி இருந்தது. பேசாமல் நிற்கலாம். வந்தவர்கள் போன பிறகு கத்தரிக்கோலால் துணியை வெட்டிவிட்டு இறங்கலாம். உள்ளே மிஞ்சுகிற துண்டு யாருடைய கண்ணுக்கும் தெரியாது, நான் இரண்டு தட்டும் தட்டியாகிவிட்டது. ஆனால் தகடுகளுக்கு நடுவில் துணி இருந்தால் மழைத் தண்ணீர் அதில் ஊறி நிற்கும், இரும்பு துருப்பிடிக்கும், தகடு ஆடத் தொடங்கும். அந்த ஜன்னலுக்குக் கீழே ஒரு பிள்ளை இருக்கும். நான் ரீச்சராக இருந்தவள். பிள்ளை என்றால் எனக்கு உடனே ஒரு வகுப்பே கண்ணுக்கு முன்னால் வந்து நின்றுவிடும்.

மூன்று தட்டுத் தட்டினேன்.

 வெளியே கெவினின் குரல்: "அது சும்மா, காத்துக் குழாய் அடிக்கிற சத்தம்."

எனக்கு வந்ததே கோபம். கையிலிருந்த கட்டையால் பஸ்ஸே அதிரும்படி மறுபடி மூன்று போட்டேன். அமெரிக்கக்காரிக்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. என் தட்டு மட்டும்தான் கேட்டது. அவளும் மனது வைத்திருந்தால் கேட்காததுபோல நின்றிருக்கலாம்.

"ஆணி பிழைச்சிட்டுது," என்றாள், எல்லோருக்கும் கேட்க. "கழட்டப் போறன். தள்ளி நில், குஞ்சு." கெவினை அல்ல, வந்தவர்களில் பெரியவரைத்தான் தள்ளி நிற்கச் சொன்னாள்.

அந்த மனிதர் தள்ளி நிற்கவில்லை. என்ன பிழை என்று பார்க்க நேரே பஸ்ஸுக்குள் ஏறிவிட்டார். நரைத்த புருவம், கறுப்புக் கோட்டு. அவர் கண்டது என்னைத்தான்: ஆண்களின் கோட்டு, அதற்குள் சேலை, ஒரு கையில் இரும்புக் கட்டை, தலைப்பு சுவரோடு. என்ன சொல்வதென்று தெரியாமல் "குட் மோர்னிங்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். தலைப்பைப் பார்த்தார். ஜன்னலால் தலையை வெளியே நீட்டி, "கெவின், இஞ்ச ஆக்களைக் கட்டி வைச்சோ வேலை வாங்கிறியள்?" என்று கேட்டார்.

"இல்லை சேர், அவ தானாத்தான்" என்று தொடங்கிய கெவின் அந்த வாக்கியத்தை இன்றுவரை முடிக்கவில்லை.

அமெரிக்கக்காரி ஆணியைத் துளைத்து எடுத்தாள். தலைப்பில் வட்டமாக ஓர் ஓட்டையோடு நான் விடுதலையானேன். ஏன் பேசாமல் இருந்திருக்கக் கூடாது என்று அந்த மனிதர் கேட்டார். துணி, தண்ணீர், துரு என்று நான் வகுப்பு எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"என்னைக் கண்டதும் பிழையை மறைக்கிற ஆக்களைத்தான் நான் எல்லா இடத்திலயும் பாத்தனான். நான் பாத்துக்கொண்டு நிக்கக் கழட்டினது நீங்கள்தான்," என்றார். போகும்போது இன்னும் கொஞ்ச பஸ்களுக்கு ஓடர் கொடுத்துவிட்டுப் போனார். கெவின் தேத்தண்ணி குடிக்கப் போனார். அன்று மத்தியானமே நாங்கள் ஓவரோல்களை வெட்டி, மெஷினில் போட்டு, அவரவர் அளவுக்குத் தைத்துக்கொண்டோம். காற்சட்டை போட்ட என்னைப் பார்த்துவிட்டு என் மனிசன் கொஞ்ச நேரம் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஆனால் பக்கத்துத் தெருத் தொழிற்சாலை படுத்துவிட்டது. எங்கள் ஆண்கள் வேலையில்லாமல் நின்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மனேஜர் எல்லோரையும் கன்ரீனுக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு பெரிய கேக், மேலே இளஞ்சிவப்பு ஐசிங். மனேஜர் தொண்டையைச் செருமினார்.

"பெட்டையள், நீங்கள் செய்தது பெரிய உதவி. நல்ல செய்தி ஒண்டு. ஆம்பிளையள் திங்கட்கிழமை திரும்பி வருகினம். நீங்கள் எல்லாரும் உங்கட பழைய இடத்துக்கு நிம்மதியாப் போகலாம். எங்கட பெட்டையளுக்கு ஒரு பெரிய கைதட்டல் குடுப்பம்!"

சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் கை பாதி எழும்பிவிட்டது. சபையில் ஒருவர் கைதட்டச் சொன்னால் தட்டுகிற வளர்ப்பு. அமெரிக்கக்காரி என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள். மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். ஒருத்தியும் தட்டவில்லை. மனேஜர் தனியாகக் கொஞ்ச நேரம் தட்டினார். பிறகு தன் கைக்கு ஒரு வேலை வேண்டுமே என்று கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டத் தொடங்கினார். கேக்கையும் ஒருத்தரும் தொடவில்லை. நல்ல கேக். எனக்கு அதில் இப்போதும் ஒரு சின்ன மனவருத்தம் உண்டு.

கை கழுவுகிற இடத்தில் அமெரிக்கக்காரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை நான் அப்படிக் கண்டதில்லை.

"போர் முடிஞ்ச அண்டைக்கு ஒலிபெருக்கியில சொன்னவங்கள், ரீச்சர். எல்லாரும் கட்டிப்பிடிச்சு அழுதம். உடனயே அடுத்த அறிவித்தல். பெண்களுக்கு நன்றி, ஆம்பிளையள் வீட்டை வருகினம், உங்கட வேலை முடிஞ்சுது எண்டு. அதுக்கும் கைதட்டினம். என்னை வீட்டுக்கு அனுப்பின செய்திக்கு நானே கைதட்டினனான்."

பிறகு தன் போர்க் காலத்துச் சோடியைப் பற்றிச் சொன்னாள். ஆயிரம் போர்க் கதைகள் சொன்ன அமெரிக்கக்காரி இதை மட்டும் அதுவரை சொன்னதில்லை. விமானத்துக்கு உள்ளே கட்டை பிடித்தவள் ஒரு கறுப்பினப் பெண். போருக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல்காரி. "என்னை விடக் கெட்டிக்காரி. எனக்கெண்டாலும் புருசன் வீடு இருந்தது. அவள் திரும்பவும் ஆரோ ஒராளின்ர குசினிக்குத்தான் போனாள்," என்றாள். கையை உதறிக்கொண்டு, "நான் போய் அந்தக் கேக்கை அந்தாளின்ர தலையில கவிழ்க்கப் போறன்," என்று கிளம்பினாள்.

ஓடிப்போய் வழியை மறித்தேன். அவளுடைய உடம்புக்கு நான் மறிப்பதென்றால் பாருங்கள்.

"விசர்வேலை பாக்காதேங்கோ," என்றேன். "கேக்கைக் கவிழ்த்தால் உங்களை இண்டைக்கே அனுப்ப ஒரு காரணம் கிடைச்சிடும். நாங்கள் கோவிச்சுக்கொண்டு வீட்டை போனாலும் அவைக்கு நல்லது. ஒரு காரணமும் குடுக்கக் கூடாது. திங்கட்கிழமை வருவம்."

"வந்து?"

"வேலை செய்வம்."

நான் கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். கைதட்டச் சொல்வது சுலபம். ஆனால் துப்பாக்கியோடு நிற்கிற ஒருத்தியின் முகத்தைப் பார்த்து, நீ அங்கே போய்த் துணி தை என்று ஒரு ஆள் வந்து சொல்ல வேண்டும். மனேஜர் அதைக் கெவின் சொல்வார் என்று நினைத்திருப்பார். கெவினோ, மனேஜர் சொல்லியாகிவிட்டது என்று நினைத்திருப்பார். அந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. அதற்குள் எங்களால் நிற்க முடியுமா என்பதுதான் கேள்வி. உங்களுக்கும் வேலையில் யாராவது தற்காலிகம் என்று சொன்னால், அதை முடித்துவைக்க நேரில் வரவேண்டிய ஆள் யார் என்று முதலில் பார்த்து வையுங்கள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டுக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். வேலை முழுசாகப் போய்விட்டால் வாடகைக்கு என்ன செய்வது என்று மனிசனிடம் கேட்டேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"நீர் போம். நான் சோறு வைக்கிறன்," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது.

திங்கட்கிழமை வேலை தொடங்கும் ஹோர்ன் அடிப்பதற்கு நன்றாக முன்னதாகவே போனோம். அலுமாரியிலிருந்த துப்பாக்கிகள் அத்தனையையும் எடுத்தோம். கட்டை பிடித்தவர்களுக்கும் ஒவ்வொன்று. வாழ்க்கையில் முதன்முறையாக என் கையிலும் துப்பாக்கி. பழைய ஓடருக்கும் புது ஓடருக்குமாக நின்ற எல்லா பஸ்களுக்கும் பக்கத்தில் ஆளுக்கொரு இடத்தில் போய் நின்றோம். இத்தாலிக்காரி வாய்க்குள் செபம் சொன்னாள்.

ஆண்கள் சாப்பாட்டுப் பைகளோடு வந்தார்கள். எங்களைக் கண்டு நின்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பிள்ளைகளே. அவர்களுக்கும் வீட்டில் வாடகை இருந்தது. கெவின் வந்தார். எங்களைப் பார்த்தார், ஆண்களைப் பார்த்தார், பிறகு மேலே மனேஜரின் கண்ணாடி அறையைப் பார்த்தார். மனேஜர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, போகச் சொல்லு என்று எங்களைக் கையால் காட்டினார். கெவின், நீங்கள் வந்து சொல்லுங்கோ என்று கையால் காட்டினார். மனேஜர் நீ என்றார். கெவின் நீங்கள் என்றார். கொஞ்ச நேரம் இருவரும் ஊமைக் கூத்து ஆடினார்கள். பிறகு மேலே ஜன்னல் மறைப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கி மூடிக்கொண்டது.

கெவின் தலையைச் சொறிந்தார்.  அவர் எங்கள் பக்கம் ஓர் எட்டு வைத்தார். நின்றார். ஆண்கள் பக்கம் திரும்பினார்.

"என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறியள்? துப்பாக்கி எல்லாம் ஆக்கள் வைச்சிருக்கினம். உள்ளுக்க ஏறிக் கட்டையைப் பிடியுங்கோ!"

முணுமுணுத்தார்கள். ஒருவன் திட்டினான். அவர்களில் பெரிய மீசைக்காரன் ஒருவன் அமெரிக்கக்காரியின் பஸ்ஸுக்கு முன்னால் வந்து நின்றான். அவள் கட்டையை எடுத்து நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான், அவளுடைய உதட்டுச்சாயத்தைப் பார்த்தான், வாங்கிக்கொண்டு உள்ளே ஏறினான். எங்களுக்கு இரும்புப் பகுதிச் சம்பளம் எழுத்தில் வருவதற்கு மாதக்கணக்கில் சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் அன்றைக்குப் பிறகு எங்களை மஞ்சள் கோட்டுக்கு அங்கால் போகச் சொல்ல ஒருத்தரும் வரவில்லை.

அமெரிக்கக்காரி துப்பாக்கியை உயர்த்தினாள், பிறகு கீழே இறக்கிவிட்டாள். நான் கிட்டப் போனேன். அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன, எல்லாம் சரிவந்திட்டுதே?" என்றேன்.

"போர் முடிஞ்ச பிறகும் ஒரு திங்கட்கிழமை வந்தது, ரீச்சர்," என்றாள். "தொழிற்சாலைக் கதவு திறந்துதான் கிடந்திருக்கும். நாங்கள் ஒருத்தரும் போய்ப் பாக்கேல்லை."